எண்ணெய்க் கிணற்றில் 120 டிகிரியில் ஓடுகிற மோட்டார், நம் போர்வெல்லில் 30 டிகிரி தண்ணீரில் ஏன் கருகுகிறது?

வாழப்பாடி_பாக்குத்தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். எண்ணெய்க் கிணறுகளிலும் நம்மைப் போலவே உள்ளே மூழ்கி ஓடுகிற சப்மெர்சிபிள் மோட்டார்தான் இறக்குகிறார்கள், அடியில் 100, 120 டிகிரி சூடு, அதிலேயே வருடக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது என்று படித்தேன். எனக்கு இங்கே 950 அடி போர், ஆறரை இஞ்ச். 5 எச்.பி. மூன்று பேஸ், நாலு இஞ்ச் மோட்டார், 900 அடியில் தொங்குகிறது. வரும் தண்ணீர் கையில் பட்டால் குளிர்ச்சிதான். ஆனாலும் கோடை வந்தால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற ஒயர், அந்தக் காயில், கருகிப் போய்விடுகிறது. பைப்பை ஏற்றி இறக்குகிற கூலி, ரீவைண்டிங் கூலி, அதற்குள் பாக்கு மரம் வாடுவது எல்லாம் சேர்ந்து தாங்க முடியவில்லை. நூறு டிகிரிக்கு மேல் தாங்குகிற மோட்டார் செய்ய முடியும் என்றால் அதையே நமக்கும் கொடுத்தால் என்ன? இல்லை, வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓமலூர்_வைண்டிங்

அண்ணா, முதலில் ஒன்று சொல்லுங்கள். கழற்றிய மோட்டாரின் காயிலைப் பார்த்தீர்களா? ஒரு பேஸோ இரண்டு பேஸோ மட்டும் கருத்து மற்றது புதிது போல இருந்தால் அது சிங்கிள் பேஸிங், லைனில் ஒரு பேஸ் போன சமயத்தில் ஓடியிருக்கிறது. மூன்று பேஸும் ஒரே சீராகக் கருத்து, ஒயர் மேல் இருக்கிற பிளாஸ்டிக் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் கதை வேறு. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "வோல்டேஜ் கம்மி, அதான் போச்சு" என்கிறார்கள். வோல்டேஜ் ஒரு காரணம்தான், ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் அடுத்த கோடையில் மறுபடி பட்டறைக்குத்தான் வர வேண்டும்.

வாழப்பாடி_பாக்குத்தோட்டம்

மூன்றும் ஒரே சீராகத்தான் கருத்திருந்தது. ஒயர் உருகி ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதைக் காட்டினார்.

மேட்டூர்_ரிடையர்டு

தம்பி, நான் மின் நிலையத்தில் மோட்டார் பராமரிப்பில் இருந்தவன். இன்சுலேஷனைப் பற்றி, அதாவது ஒயர் மேல் இருக்கிற காப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் போர் மோட்டாரில் தண்ணீர் நிரப்பியது என்றால் உள்ளே பிவிசி அல்லது பாலிபுரோப்பிலீன் சுற்றிய ஒயர்தான் இருக்கும். பிவிசி 70 டிகிரியைத் தாண்டினால் இளக ஆரம்பித்துவிடும். எண்ணெய்க் கிணற்று மோட்டாரில் பாலிஇமைடு டேப், பீக் மாதிரியான சூடு தாங்குகிற பிளாஸ்டிக் பொருள்களைச் சுற்றுகிறார்கள், அவை 200 டிகிரிக்கு மேலேயும் தாங்கும். உள்ளே தண்ணீர் கிடையாது, மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெய்தான் காயிலுக்குக் காப்பு, பேரிங்குக்கு மசகு, சூட்டைக் காயிலிலிருந்து உடம்புக்குக் கொண்டு வருவதும் அதுவே.

ஆனால் எந்த இன்சுலேஷனாக இருந்தாலும் ஒரு பொது விதி உண்டு. அதன் எல்லைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் சுமார் பாதியாகும். 20 டிகிரி கூடினால் கால் பங்கு. அதனால் "தாங்கும்" என்பதற்கும் "எவ்வளவு காலம் தாங்கும்" என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. எண்ணெய்க் கிணற்று மோட்டாரை நீங்கள் வாங்குவது நடக்காத காரியம், விலை அப்படி. ஆயில் நிரப்பிய போர் மோட்டார் கிடைக்கிறது, அதைப் பார்க்கலாம்.

மஸ்கட்_சேலத்தான்

ஊர் சேலம் அம்மாபேட்டை, வேலை ஓமனில் எண்ணெய் வயல். இறக்குவதும் ஏற்றுவதும் இந்த மோட்டார்களைத்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர் ஐயா சொன்ன இன்சுலேஷன் உண்மை. ஆனால் என்னைக் கேட்டால் அது இரண்டாவது காரணம். முதல் காரணம், மோட்டாரின் உடம்பை உரசிக்கொண்டு ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறதா என்பது.

எண்ணெய்க் கிணற்றில் அடுக்கு எப்படி என்றால், எல்லாவற்றுக்கும் அடியில் மோட்டார், அதற்கு மேல் புரொடெக்டர் என்று ஒரு பகுதி, அதற்கு மேல் பம்புக்கு எண்ணெய் நுழைகிற வாய், அதற்கும் மேல் பம்பு. வேண்டுமென்றே இப்படி. கிணற்றில் எண்ணெயும் தண்ணீரும் கேசிங்கில், அதாவது கிணற்றுக்குள் இறக்கிய இரும்புக் குழாயில், போட்ட துளைகள் வழியாகக் கீழேயிருந்து ஊறி மேலே வரும்போது மோட்டாரைத் தாண்டித்தான் பம்பு வாய்க்குப் போக முடியும், போகிற வழியில் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். அது 90 டிகிரியில் இருந்தாலும் பரவாயில்லை, ஓடிக்கொண்டிருந்தால் போதும். காயில் அதைவிட ஐம்பது அறுபது டிகிரி கூடுதலாக நிற்கும், அந்தக் கணக்குக்குத்தான் இன்சுலேஷனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் தொழிலில் நொடிக்கு ஒரு அடி, அதாவது 30 செ.மீ. வேகத்திலாவது மோட்டாரைத் தாண்டி ஓட வேண்டும் என்பது பழைய விதி. அதற்குக் குறைந்தால் யோசிக்க ஆரம்பித்துவிடுவோம்.

என்ன ஓடுகிறது என்பதும் முக்கியம். தண்ணீர் ஒரு கிலோ ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும், கச்சா எண்ணெய் அதில் பாதிதான். சூட்டைக் கடத்துவதிலும் எண்ணெயைவிடத் தண்ணீர் நாலு மடங்குக்கு மேல் நல்லது. ஓமனில் நிறையக் கிணறுகளில் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் பல மடங்கு வரும், எண்ணெய் எடுப்பவருக்கு அது தலைவலி, மோட்டாருக்கு அது நல்லது. எல்லாவற்றிலும் மோசம் வாயு. வாயு குமிழ் குமிழாக வந்து பம்பில் அடைத்துக்கொண்டால் பம்பு தள்ளுவதை நிறுத்திவிடும், ஓட்டம் நின்றுவிடும், மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது ஆம்பியர் குறையும், சூடு ஏறும். ஆம்பியர் குறைந்திருக்கிறதே, மோட்டாருக்கு லோடு இல்லையே என்று விட்டால் போச்சு. அதனால் ஓவர்லோடானால் மோட்டாரைத் தானாக நிறுத்த ஒரு டிரிப் இருப்பது போல அண்டர்லோடுக்கும் ஒரு டிரிப் வைத்திருப்போம், மோட்டாருக்கு அடியில் சென்சார் தொங்கும், காயில் சூடு எவ்வளவு என்று மேலே திரையில் தெரியும்.

இப்போது தோட்டக்கார அண்ணனுக்கு ஒரு கேள்வி. 950 அடி போரில் ஊற்று எத்தனை அடியில் கிடைத்தது? அடியிலா, நடுவிலா?

வாழப்பாடி_பாக்குத்தோட்டம்

போர் போடும்போது 380 அடியில் முதல் ஊற்று, 420ல் இன்னொன்று. அதற்குக் கீழே வெறும் பாறைதான், பாறைத்தூள் புகைதான் வந்தது. கோடையில் தண்ணீர் கீழே போய்விடுகிறது என்று மோட்டாரை 900க்கு இறக்கச் சொன்னார்கள். தேங்கி நிற்கிற தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்று.

மஸ்கட்_சேலத்தான்

அங்கேதான் விஷயம் இருக்கிறது அண்ணா. ஊற்று 420ல், மோட்டார் 900ல். தண்ணீர் மேலேயிருந்து கீழே இறங்கி பம்பு வாய்க்குப் போகிறது. மோட்டார் அந்த வாய்க்கும் கீழே. அதாவது உங்கள் மோட்டாரைச் சுற்றியிருக்கிற தண்ணீர் எங்கேயும் போவதில்லை, அப்படியே நிற்கிறது. எங்களிடமும் சில கிணறுகளில் வாயுவைத் தவிர்ப்பதற்காகப் பம்பைத் துளைகளுக்குக் கீழே இறக்குவோம், அப்போது உங்கள் போரில் இருக்கிற அதே நிலைமைதான். அப்படி இறக்கும்போது மோட்டாருக்கு ஒரு உறை போடாமல் இறக்கவே மாட்டோம். மோட்டாரைச் சுற்றி ஒரு குழாய், மேல் பக்கம் பம்பு வாய்க்கு மேலே மூடியிருக்கும், கீழ்ப்பக்கம் திறந்திருக்கும். தண்ணீர் குழாய்க்கு வெளியே கீழே இறங்கி, அடியில் திரும்பி, மோட்டாரை உரசிக்கொண்டு மேலே ஏறித்தான் வாய்க்குப் போக வேண்டும். வேறு வழி கிடையாது அதற்கு.

கருப்பூர்_மாணவி

கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன் அண்ணா.

5 எச்.பி. என்றால் 3.7 கிலோவாட் வெளியே வர வேண்டும். நாலு இஞ்ச் மோட்டாரின் திறனை 75 சதவீதம் என்று வைத்தால் உள்ளே போவது 4.9 கிலோவாட். மீதி 1.2 கிலோவாட் சூடாகத்தான் போகும். வீட்டில் பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடு அளவு. தோட்டக்கார அண்ணனின் போரில் மோட்டார் உயரத்துக்கு அதைச் சுற்றி நிற்கிற தண்ணீர் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் வருகிறது. அந்த ராடைப் பக்கெட்டில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் மறந்துவிட்டது போலத்தான் இது. சூடு வெளியே போகவே இல்லை என்று வைத்தால் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறும். உண்மையில் பாறை கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், சூடான தண்ணீர் மேலே எழும்பிக் கொஞ்சம் கலக்கும், அதனால்தான் ஒரே நாளில் போகாமல் ஒரு சீசன் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

அதே தண்ணீர் ஓடினால் எப்படி என்று பாருங்கள். 900 அடி தூக்க இந்த மோட்டார் நொடிக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கும். அந்த ஓட்டம் முழுவதும் மோட்டாரைத் தாண்டிப் போனால் 1.2 கிலோவாட்டை எடுத்துக்கொண்டும் அதன் வெப்பம் அரை டிகிரிதான் ஏறும்!

எண்ணெய்க் கிணற்றுக்கும் போட்டேன். 100 கிலோவாட் மோட்டார், 85 சதவீத திறன் என்றால் சூடு சுமார் 17.6 கிலோவாட். ஒரு நாளைக்கு 1000 பீப்பாய் என்றால் நொடிக்கு 1.84 லிட்டர். முழுக்கத் தண்ணீராக இருந்தால் 2.3 டிகிரி ஏறும், முழுக்க எண்ணெயாக இருந்தால் ஐந்தரை டிகிரி. மஸ்கட் அண்ணா, அப்படியென்றால் நீங்கள் சொன்ன ஐம்பது அறுபது டிகிரி எங்கிருந்து வருகிறது?

மஸ்கட்_சேலத்தான்

நல்ல கேள்வி தங்கச்சி. ஓடுகிற திரவம் மொத்தமாகச் சூடாவது நீங்கள் சொன்ன அளவுதான். மீதியெல்லாம் வழியில் இருக்கிற தடைகள். காயிலிலிருந்து இன்சுலேஷனைத் தாண்டி இரும்புத் தகடுக்கு, அங்கிருந்து உடம்புக்கு, உடம்பிலிருந்து அதை ஒட்டி நிற்கிற மெல்லிய திரவப் படலத்தைத் தாண்டி ஓட்டத்துக்கு. கடைசிப் படலம்தான் ஓட்டத்தின் வேகத்தைப் பொறுத்து மாறுவது, வேகம் குறைந்தால் அது தடிக்கும். உடம்பின் மேல் உப்புப் படிந்தால் இன்னொரு தடை. கால்சியம் கார்பனேட் சூட்டில் கரைவது குறையும், அதனால் கிணற்றிலேயே சூடான இடமான மோட்டார் மேல்தான் அது தேடிப் போய்ப் படியும், படிந்தால் சூடு கூடும், கூடினால் இன்னும் படியும்.

ஓமலூர்_வைண்டிங்

இதை நான் நம் பக்கத்திலேயே தினம் பார்க்கிறேன். உப்புத் தண்ணீர் போரிலிருந்து வரும் மோட்டார் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஓடு கட்டியிருக்கும், சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டும். அப்புறம் போரின் அடியில் பாறைத்தூள் சேறு. மோட்டாரை அடிமட்டம் வரை இறக்கிவிட்டால் பாதி உடம்பு சேற்றில் புதைந்துவிடும். அடியிலிருந்து முப்பது நாற்பது அடியாவது விட்டுத்தான் தொங்கவிட வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன், கேட்பவர்கள் குறைவு, கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் எடுத்துவிட வேண்டும் என்கிற தவிப்பு அவர்களுக்கு, அதையும் தப்பு சொல்ல முடியவில்லை.

தண்ணீர் நிரப்பும் மோட்டாரை இறக்கும்முன் உள்ளே சுத்தமான தண்ணீரை முழுக்க நிரப்பி, காற்றுக் குமிழ் போகும்வரை ஆட்டிவிட்டு மூட வேண்டும். இதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். மேல் புஷ், அதாவது ரோட்டரைத் தாங்குகிற பேரிங், காற்றில் காய்ந்தே ஓடித் தேய்ந்து, ரோட்டர் உரசிக் காயில் போகும். இது சூடுமல்ல, வோல்டேஜுமல்ல.

ஏற்காடு_எஸ்டேட்

நாகலூர் பக்கம் காபி, மிளகு. மார்ச்சில் பூ மழை வரவில்லையென்றால் ஸ்பிரிங்ளர் போட்டே ஆக வேண்டும், அந்தச் சில நாள்கள் மோட்டார் நின்றால் வருடத்து விளைச்சலே போய்விடும், அதனால் இந்த இழை எனக்கு ரொம்பத் தேவையானது. இங்கே 1500 மீட்டர் உயரம், தண்ணீர் சமவெளியைவிடக் குளிர்ச்சி. எங்களுக்குச் சூட்டுப் பிரச்சினை குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் சப்மெர்சிபிள் திறந்த கிணற்றில் தொங்குகிறது, போரில் இல்லை.

மேட்டூர்_ரிடையர்டு

உயரத்தால் பாதிப்பு வருவது காற்றில் குளிரும் மோட்டாருக்குத்தான். 1000 மீட்டர் வரைக்கும் 40 டிகிரி காற்றுக்கும்தான் பொதுவாகத் திறன் குறிப்பிடுவார்கள், அதற்கு மேல் காற்று மெலிந்துவிடுவதால் சூட்டை இழுப்பது குறையும். மலையில் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் அது பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். தண்ணீருக்குள் இருப்பதற்கு இந்தக் கணக்கே கிடையாது.

மஸ்கட்_சேலத்தான்

எஸ்டேட் சார், திறந்த கிணறு என்றால் இன்னும் கவனம் வேண்டும். போர் மோட்டாரை அகலமான கிணற்றில் தொங்கவிட்டால் தண்ணீர் நாலு பக்கத்திலிருந்தும் நேராகப் பம்பு வாய்க்குப் போய்விடும், கீழே மோட்டார் பக்கம் ஓட்டமே இருக்காது. சுற்றி நிறையத் தண்ணீர் இருப்பதால் தானாகக் கலந்து கொஞ்சம் குளிரும், போரில் சிக்கிய பத்து லிட்டர் நிலைமை இல்லை, ஆனாலும் ஸ்பிரிங்ளருக்கு முழு லோடில் இரவும் பகலும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் உறை போடுங்கள். தண்ணீர் 20 டிகிரி என்பது உங்களுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் இடம் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆத்தூர்_மரவள்ளி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூன்று பேஸ் கரண்ட் இல்லாத நேரத்தில் கண்டென்சர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டுகிறோம். எங்கள் பக்கம் நிறையப் பேர் செய்கிறார்கள். அதில் சூடு வருமா? ஆம்பியர் மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது.

மேட்டூர்_ரிடையர்டு

வரும். மூன்று பேஸின் வோல்டேஜும் சமமாக இல்லாவிட்டால் காயிலின் சூட்டு ஏற்றம் அந்த வித்தியாச சதவீதத்தின் வர்க்கத்தைப்போல் இரண்டு மடங்கு கூடும் என்பது ஒரு தோராய விதி. வெறும் மூன்றரை சதவீத வித்தியாசத்துக்கே சூட்டு ஏற்றம் கால் பங்கு கூடிவிடும். கண்டென்சரில் செயற்கையாக உண்டாக்கும் மூன்றாவது பேஸில் வித்தியாசம் அதைவிட அதிகமாகத்தான் இருக்கும், தண்ணீர் மட்டம் மாறி லோடு மாறும்போதெல்லாம் அதுவும் மாறும். ஒரு ஒயரில் மட்டும் ஆம்பியர் பார்த்தால் தெரியாது. கிளாம்ப் மீட்டர் வைத்து மூன்று ஒயரிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த நேரத்தில் ஓட்டாமல் இருப்பது நல்லது. தண்ணீர் பாய்ச்ச வேண்டிய அவசரம் எனக்குப் புரிகிறது, ஆனால் காயில் போனால் பத்து நாள் தண்ணீர் இல்லை.

கருப்பூர்_மாணவி

மஸ்கட் அண்ணா, ஒரு சந்தேகம். புரொடெக்டர் என்று சொன்னீர்களே, அது என்ன செய்கிறது? இந்த எண்ணெய்க் கிணற்று மோட்டாரை முதலில் யார் செய்தார்கள்?

மஸ்கட்_சேலத்தான்

அர்மாயிஸ் அருதுனோஃப் என்று திபிலிசியில் பிறந்த ஆர்மீனியர். ரஷ்யாவிலிருந்து ஜெர்மனி போய், அங்கிருந்து 1923ல் அமெரிக்கா போய், 1930ல் ஓக்லஹோமாவின் பார்ட்லஸ்வில்லில் கம்பெனியை நிலைநிறுத்தினார். கேசிங் குறுகல் என்பதால் மோட்டாரை ஒல்லியாக, நீளமாகச் செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான், கை அகலத்தில் பத்து மீட்டர் நீள மோட்டார்கூட உண்டு.

புரொடெக்டர் விஷயம் சூட்டோடு நேராகச் சம்பந்தப்பட்டது. ஓடும்போது மோட்டாருக்குள் இருக்கும் எண்ணெய் சூடாகி விரியும், நிறுத்தினால் ஆறிச் சுருங்கும். சுருங்கும்போது வெளியிலிருக்கிற உப்புத் தண்ணீரை உள்ளே இழுக்கப் பார்க்கும். அது காயிலைத் தொட்டால் முடிந்தது. புரொடெக்டர் அந்த விரிவுக்கும் சுருக்கத்துக்கும் இடம் கொடுத்து, கிணற்றுத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும், பம்பு கீழே அழுத்துகிற பாரத்தையும் அதுவே தாங்கும். அதனால்தான் அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போடுவதை நாங்கள் விரும்புவதில்லை. போடுகிற ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்டிங் கரண்டால் ஒரு சூடு, நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் ஒரு சுருக்கம். கனடாவில் ஆல்பர்ட்டா பக்கம் நீராவி விட்டு எண்ணெயை இளக்கி எடுக்கிற கிணறுகள் இருக்கின்றன, அங்கே 250 டிகிரி வரைக்கும் தாங்கும் மோட்டார்கள் இறங்குகின்றன. அங்கேயும் ஓட்டம் நின்றால் மோட்டார் தாங்காது.

ஓமலூர்_வைண்டிங்

நம் மோட்டாரின் அடியில் இருக்கிற ரப்பர் டயஃப்ரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ரீவைண்டிங்குக்கு வரும்போது ரப்பர் கல்லாக இறுகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பழையதையே போட்டுக் கொடுப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வாழப்பாடி_பாக்குத்தோட்டம்

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்போது நான் என்ன செய்யட்டும்? மோட்டாரை 420க்கு மேலே ஏற்றினால் கோடையில் தண்ணீர் கிடைக்காது. உறை என்றால் இரும்பிலா, பிளாஸ்டிக்கிலா? எங்கே கிடைக்கும்?

ஓமலூர்_வைண்டிங்

ஏற்ற வேண்டாம் அண்ணா, 900ஐ மட்டும் 880 ஆக்குங்கள், சேற்றிலிருந்து தள்ளி நிற்கட்டும். உறையை 125 எம்.எம். பிவிசி பைப்பில் நானே செய்து தருகிறேன். பம்பு வாய்க்கு மேலே கிளாம்ப் போட்டு ரப்பர் வைத்து மூட வேண்டும், கீழே மோட்டாரின் அடியைத் தாண்டி ஒரு சாண் நீளம் விட வேண்டும். மேலே மூடுகிற இடத்தில் சந்து விட்டால் தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே போய்விடும், உறை போட்டும் பலன் இருக்காது.

கருப்பூர்_மாணவி

125 பைப்பின் உள் விட்டம் சுமார் 117 என்று வைத்தேன். மோட்டார் 96. இடைவெளியில் நொடிக்கு 16 செ.மீ. வேகம் வருகிறது. உறை இல்லாமல், தண்ணீர் அடியிலிருந்தே வந்தால்கூட உங்கள் ஆறரை இஞ்ச் போரில் 4 செ.மீ.தான் வரும்.

மஸ்கட்_சேலத்தான்

தண்ணீரில் ஓடும் நாலு இஞ்ச் மோட்டாருக்கு 8 செ.மீ. இருந்தாலே போதும் என்பது வழக்கம், 30 எல்லாம் எங்கள் எண்ணெய்க்கு. 16 தாராளம். கூடவே பேனலில், தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்துகிற டிரை ரன் பிரிவென்டர் கட்டாயம் போடுங்கள், கோடையில் தண்ணீர் வாய்க்குக் கீழே போனால் உறைக்குள்ளும் ஓட்டம் இருக்காது, அந்த நேரத்தில் ஆம்பியர் குறையும் என்பதால் ஓவர்லோடு ரிலே கண்டுபிடிக்காது. டிரிப் ஆனால் உடனே மறுபடி போடாமல் தண்ணீர் ஊறவும் மோட்டார் ஆறவும் நேரம் விடுங்கள்.

வாழப்பாடி_பாக்குத்தோட்டம்

சரி, பைப் ஏற்றுகிறவர்களிடம் நாளைக்கே பேசிவிடுகிறேன். பிரிவென்டர் பேனலில் இருக்கிறது, ஆனால் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று எலக்ட்ரீஷியன் பைபாஸ் செய்து வைத்திருக்கிறார். அந்த பைபாஸை முதலில் எடுக்கச் சொல்கிறேன்.

ஓமலூர்_வைண்டிங்

எடுக்கச் சொல்லுங்கள், அது டிரிப் ஆனதுதான் சரியான வேலை. மோட்டார் மேலே வந்ததும் கேபிளை மூடுகிற தகடு, அந்தக் கேபிள் கார்டு உள்ள இடத்தில் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்து எனக்கு அனுப்புங்கள். தாளில் 96 என்று இருந்தாலும் அங்கே கூடும், அதைப் பார்த்துவிட்டுத்தான் பைப்பை அறுப்பேன்.